காய்கறி ஏன் கெடுகிறது? அறிகுறியை வைத்துக் காரணம் கண்டுபிடிக்கும் வழி

ஞாயிற்றுக்கிழமை சந்தையில் பை நிறைய வாங்கிய காய், வியாழக்கிழமைக்குள் பாதி குப்பைக்குப் போகிறதா? இது உங்களுக்கான குறிப்பு. ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2024இல் வெளியிட்ட அறிக்கை, இந்திய வீடுகளில் ஆண்டுக்கு ஆளுக்கு ஏறத்தாழ 55 கிலோ உணவு குப்பைக்குப் போவதாக மதிப்பிடுகிறது. தோல், கொட்டை போன்ற சாப்பிடாத பகுதிகளும் அந்தக் கணக்கில் சேர்த்திதான். அப்படியே வைத்துக்கொண்டாலும் அது சிறிய அளவில்லை. ஒரு கட்டுக் கீரை அழுகினால் அதை விளைவித்தவர் இறைத்த தண்ணீரும் சேர்ந்தே வீணாகிறது.

பல வீடுகளில் இதற்குத் தெரிந்த ஒரே வைத்தியம், வாங்கியதையெல்லாம் ஃப்ரிட்ஜுக்குள் தள்ளுவது. நிறையக் காய் கெடுவதற்கு அந்தப் பழக்கமே காரணம் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். பறித்த பிறகும் காய்க்கு உயிர் இருக்கிறது. அது மூச்சு விடுகிறது, சூட்டை வெளியிடுகிறது, தண்ணீரை இழக்கிறது. வெப்பம் 10 டிகிரி ஏறினால் அந்த மூச்சின் வேகம் இரண்டு, மூன்று மடங்காகும். அதனால்தான் மே மாதத்துக் கீரை ஒரு நாள்கூடத் தாங்குவதில்லை. அதே சமயம் கத்தரி, வெண்டை, வாழை, மா எல்லாம் வெப்பநாட்டுப் பயிர்கள். அவற்றுக்குக் கடுங்குளிர் ஒத்துக்கொள்ளாது. ஆகவே கெட்டதைத் தூக்கிப் போடும் முன் ஒரு நிமிடம் கையில் எடுத்துப் பாருங்கள். கூழாகியிருக்கிறதா, வாடியிருக்கிறதா, தோலில் குழி விழுந்திருக்கிறதா, மஞ்சளாகியிருக்கிறதா? ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு.

முதலில் ஃப்ரிட்ஜைச் சோதியுங்கள்

எந்தக் காயை வைத்தாலும் கெடுகிறது என்றால் தவறு காயில் இல்லை. ஒரு டம்ளர் தண்ணீரில் சமையலறை வெப்பமானியைப் போட்டு நடுத்தட்டில் இரவு முழுக்க வையுங்கள். காலையில் 4 டிகிரி செல்சியஸ், அல்லது அதற்குச் சற்றுக் கீழே காட்ட வேண்டும். 8, 10 என்று காட்டினால் குளிர் போதவில்லை. கதவின் ரப்பரையும் பாருங்கள். ஒரு காகிதத்தைக் கதவிடுக்கில் வைத்து மூடி, மெல்ல இழுங்கள். தடையில்லாமல் வழுக்கி வந்தால் ரப்பர் தளர்ந்துவிட்டது. துடைத்துச் சுத்தம் செய்தும் சரியாகவில்லை என்றால் மாற்ற வேண்டியதுதான்.

காய் வைக்கும் அடித்தட்டில் பல ஃப்ரிட்ஜ்களில் ஒரு சின்னத் தள்ளுபொத்தான் இருக்கும். அது காற்றுத் துளையை மூடவும் திறக்கவும். கீரை, கொத்தமல்லி, கேரட் வைக்கும்போது மூடியிருக்கட்டும், ஈரப்பதம் உள்ளேயே தங்கும். பழுத்த பழங்கள் வைத்தால் திறந்திருக்கட்டும்.

வெள்ளரி கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவும்படி மாறி, வெட்டினால் தண்ணீராக வடிந்தால் அது உறைந்து இளகியிருக்கிறது. பின்சுவரை ஒட்டியோ, ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜில் ஐஸ் பெட்டிக்கு நேர் கீழேயோ வைத்திருப்பீர்கள். இடத்தை மாற்றினால் போதும்.

கீரையும் கொத்தமல்லியும் கறுத்துக் கூழாகின்றன

வீடுகளில் அதிகம் வீணாகும் பொருள் இதுவாகத்தான் இருக்க வேண்டும். 10 ரூபாய்க் கட்டு என்பதால் யாரும் கணக்கு வைப்பதில்லை, அவ்வளவுதான்.

கூழாவதற்குக் காரணம் இலைமேல் தங்கிய தண்ணீர். கடைக்காரர் வாடாமல் இருக்க நாள் முழுக்கத் தண்ணீர் தெளிக்கிறார். அந்த ஈரத்தோடு, ரப்பர் பேண்டோ வாழைநாரோ இறுக்கியபடியே, பிளாஸ்டிக் பைக்குள் கட்டி உள்ளே வைத்தால் கட்டின் நடுப்பகுதிக்குக் காற்றே போகாது. அழுகல் அங்கிருந்துதான் தொடங்கும். மேலே பார்க்க நன்றாக இருந்த கட்டைப் பிரித்ததும் உள்ளே நாறுவது இதனால்தான்.

வீட்டுக்கு வந்ததும் கட்டைப் பிரித்துவிடுங்கள். பழுத்த இலை, நசுங்கிய இலை, ஏற்கெனவே கறுத்தது எல்லாவற்றையும் ஆய்ந்து தள்ளுங்கள். ஒன்று விட்டாலும் அது பக்கத்து இலையைத் தொற்றும். கழுவ வேண்டாம், சமைக்கும் நேரத்தில் கழுவிக்கொள்ளலாம். மண் அதிகமாக ஒட்டியிருந்து கழுவியே ஆக வேண்டும் என்றால், மின்விசிறிக்குக் கீழே வெள்ளைத் துணியில் பரப்பி, கையில் ஈரம் ஒட்டாத வரை உலர்த்துங்கள். அப்புறம் காய்ந்த பருத்தித் துணியில் தளர்வாகச் சுருட்டி, மூடி போட்ட டப்பாவில் வையுங்கள். துணி ஈரத்தை உறிஞ்சும், டப்பா இலையின் நீரை வெளியே போகவிடாது. இரண்டும் சேர்ந்தால்தான் வேலை நடக்கும். துணி நனைந்திருந்தால் இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள். இப்படி வைத்த கொத்தமல்லி ஒரு வாரம் தாராளமாகத் தாங்கும்.

பழைய செய்தித்தாளில் சுற்றுவது நம் வீடுகளில் நெடுநாள் பழக்கம். ஆனால் அச்சு மையில் உடலுக்கு ஆகாத பொருள்கள் உண்டு என்பதால், உணவைச் செய்தித்தாளில் பொதிய வேண்டாம் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் எச்சரித்திருக்கிறது. ஈர இலையில் மை இன்னும் எளிதாக இறங்கும். பழைய வேட்டித் துண்டு, மல் துணி, மஞ்சப்பை எதுவும் இதற்குப் போதும். துணி துவைத்தால் திரும்பவும் உதவும்.

வேரோடு கிடைத்த கொத்தமல்லியை வேறு விதமாகவும் வைக்கலாம். ஒரு டம்ளரில் இரண்டு விரற்கடை தண்ணீர் ஊற்றி, வேர் மட்டும் மூழ்கும்படி நிறுத்தி, மேலே ஒரு பையைத் தளர்வாகக் கவிழ்த்து ஃப்ரிட்ஜில் வையுங்கள். தண்ணீரைத் தினமும் மாற்ற வேண்டும். மாற்ற நேரமில்லாதவர்கள் துணி முறையோடு நிறுத்திக்கொள்வது நல்லது. பழைய தண்ணீரில் நிற்கும் தண்டு அழுகிவிடும்.

புதினாவுக்கும் இதே கதை, கொஞ்சம் சீக்கிரமாகக் கறுக்கும். கறிவேப்பிலை இவற்றைவிட உறுதியானது. ஈரம் போக உலர்த்தி, ஈர்க்கிலிருந்து உருவி, டப்பாவில் துணி விரித்து வைத்தால் இரண்டு வாரம் வரை போகும். முருங்கைக்கீரையை மட்டும் அன்றைக்கே சமைத்துவிடுவது உத்தமம். ஆய நேரமில்லை என்றால் கொத்தாகவே ஒரு துணியில் மூட்டை கட்டி இரவு வைத்துவிடுங்கள். காலையில் உதறினால் இலை தானாக உதிரும், ஆயும் வேலை மிச்சம்.

கீரை கூழாகவில்லை, ஆனால் தொங்கிப்போய் வாடிவிட்டது

இது நேர் எதிர்ப் பிரச்சினை. தண்ணீர் போய்விட்டது, இலை கெடவில்லை. விசிறி வைத்து ஐஸ் கட்டாமல் ஓடும் ஃப்ரிட்ஜ்களில் உள்காற்று வறண்டிருக்கும், திறந்து வைத்த எதையும் அது உறிஞ்சிவிடும். வாடிய கீரையைக் குளிர்ந்த தண்ணீரில் அரைமணி நேரம் போட்டு வையுங்கள். தண்டின் நுனியை ஒரு விரற்கடை நறுக்கிவிட்டுப் போட்டால் தண்ணீரை நன்றாக உறிஞ்சும். பெரும்பாலும் நிமிர்ந்துவிடும். நிமிர்ந்ததும் அன்றைக்கே சமைத்துவிடுங்கள், மறுபடி எடுத்து வைக்கக் கூடாது.

வளைந்துபோன கேரட், முள்ளங்கி, தொய்ந்த பீன்ஸுக்கும் இதே வைத்தியம். கேரட்டை ஒரு மணி நேரம் குளிர்நீரில் போட்டால் திரும்ப முறுமுறுப்பாகும். இனி வளையாமல் இருக்க, வாங்கியதும் தழையை நறுக்கிவிடுங்கள். முள்ளங்கி, பீட்ரூட், நூல்கோல் எதுவானாலும் தழை தலையில் இருக்கும் வரை கிழங்கின் தண்ணீரை இழுத்துக்கொண்டே இருக்கும். நறுக்கிய முள்ளங்கித் தழையும் பீட்ரூட் தழையும் நல்ல கீரைகள். அன்றைக்கே பருப்பு போட்டுக் கூட்டோ பொரியலோ செய்துவிடலாம்.

பைக்குள் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்திருக்கிறது

பிற்பகல் வெயிலில் வாங்கி வந்த காயை, அதன் சூடு ஆறும் முன்னரே பையோடு உள்ளே வைத்துவிட்டீர்கள். காயின் வெம்மை ஆவியாக வெளியேறி, குளிர்ந்த பிளாஸ்டிக்கில் பட்டுத் துளியாகிறது. அந்தத் துளி திரும்பக் காயின் மேல் விழுகிறது. வெண்டைக்காயில் இது உடனே தெரியும், ஈரம் பட்ட இடம் வழுவழுத்துக் கறுக்கும். பச்சை மிளகாயில் காம்படியில் தொடங்கும்.

வாங்கி வந்ததும் தரையிலோ முறத்திலோ துணி விரித்து, எல்லாக் காயையும் கொட்டி ஒரு மணி நேரம் ஆற விடுங்கள். அப்போதே நசுங்கியது, பூச்சி விழுந்தது எல்லாம் கண்ணில் படும். அவற்றை அன்றிரவுச் சமையலுக்கு ஒதுக்கிவிடலாம். ஆறிய பிறகு துணிப்பையிலோ, துளையிட்ட பையிலோ வகைக்கு ஒன்றாகப் பிரித்து வையுங்கள். பச்சை மிளகாயின் காம்பைக் கிள்ளிவிட்டு, அடியில் துணி விரித்த டப்பாவில் போட்டால் மூன்று வாரம்கூட இருக்கும். ஈரக்கை மட்டும் உள்ளே போகக் கூடாது.

தோலில் குழி, கறுப்பு, பழுப்பு விதை, ருசியே இல்லை

இதைக் குளிர்க்காயம் என்று சொல்லலாம். பலர் இதைக் காய் பழசாகிவிட்டது என்று நினைத்து இன்னும் குளிரான இடத்துக்கு மாற்றுவார்கள், காயம் கூடிவிடும்.

கத்தரிக்காய்க்கு ஏற்ற வெப்பம் 10 முதல் 12 டிகிரி. வெண்டைக்கு 7 முதல் 10. வெள்ளரிக்கும் 10க்கு மேல். 4 டிகிரியில் கத்தரிக்காயை வைத்தால் சில நாள்களில் மேல்தோலில் சிறு குழிகள் விழும், உள்ளே விதைகள் பழுப்பாகும், குழம்பில் போட்டால் துவர்க்கும். அப்படியானால் எங்கே வைப்பது? வெளியே 36 டிகிரி, உள்ளே 4 டிகிரி, இரண்டுமே சரியில்லை. ஃப்ரிட்ஜில் குளிர் குறைவான இடம்தான் வழி. கதவுத் தட்டு, அல்லது அடித்தட்டின் முன்பக்கம். துணியில் சுற்றி வையுங்கள். அதோடு, இந்த மூன்றையும் வாரத்துக்கு மொத்தமாக வாங்காதீர்கள். மூன்று நாளுக்குத் தேவையானது போதும்.

வாழைப்பழம் 13 டிகிரிக்குக் கீழே போனால் தோல் கறுக்கும். பழுத்த பழமாக இருந்தால் உள்ளே சதை நன்றாகவே இருக்கும், தோலைப் பார்த்து எறிய வேண்டாம். ஆனால் காயாக உள்ளே வைத்தால் அப்புறம் வெளியே எடுத்தாலும் ஒழுங்காகப் பழுக்காது. சீப்பை ஆணியில் தொங்கவிடுவது இன்றைக்கும் சிறந்த முறை. தரையில் வைத்தால் அழுந்தும் இடம் முதலில் கனியும். ரஸ்தாளி பழுத்ததும் காம்பு விட்டு உதிரும் ரகம், அதைத் தட்டில் பரப்பி முதலில் தீர்த்துவிடுங்கள். பூவனும் கற்பூரவள்ளியும் இன்னும் சில நாள் காத்திருக்கும்.

மாங்காய்க்கும் இதே விதி. பழுக்கும் வரை வெளியே, வைக்கோலிலோ அரிசி டிரம்மிலோ. நன்றாகப் பழுத்த பிறகு இரண்டு மூன்று நாள் தள்ளிப்போட மட்டுமே ஃப்ரிட்ஜ்.

தக்காளியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இணையத்தில் கிடைக்கும் அறிவுரை பெரும்பாலும் குளிர்நாட்டுச் சமையலறைக்கானது. தக்காளியை ஃப்ரிட்ஜில் வைக்கவே கூடாது என்பார்கள். 20 டிகிரி சமையலறையில் அது சரி. நம் ஊர்க் கோடையில் பழுத்த நாட்டுத் தக்காளி வெளியே இரண்டே நாளில் கசிந்துவிடும். ஆக இரண்டாகப் பிரியுங்கள். செங்காயாக இருப்பவை வெளியே, காம்புப் பக்கம் கீழே படும்படி, ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல். காம்புத் தழும்பு வழியாகத்தான் தண்ணீர் அதிகம் வெளியேறும், பூஞ்சையும் அதன் வழியே நுழையும். முழுக்கச் சிவந்தவை ஃப்ரிட்ஜில். சமைப்பதற்குச் சில மணி நேரம் முன்பு வெளியே எடுத்து வைத்தால் போன மணம் ஓரளவு திரும்பும். ரசத்துக்கு இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

வெளியே வைத்த தக்காளி ஆரஞ்சு நிறத்திலேயே நின்றுவிட்டது, சிவக்கவில்லை என்றால் அது வெயில் காலத்துக் குறை. 30 டிகிரிக்கு மேல் சிவப்பு நிறமி சரியாக உருவாகாது. வீட்டின் குளிர்ச்சியான மூலைக்கு மாற்றுங்கள். அடுப்பு மேடையின் மேல் தக்காளிக் கூடை வைப்பது இதனால்தான் சரிப்படாது.

பச்சைக் காய் சீக்கிரம் மஞ்சளாகிறது, கேரட் கசக்கிறது

பக்கத்தில் என்ன வைத்திருந்தீர்கள் என்று பாருங்கள். வாழை, மா, பப்பாளி, ஆப்பிள், கொய்யா, சப்போட்டா, பழுத்த தக்காளி எல்லாம் பழுக்கும்போது எத்திலீன் என்ற வாயுவை விடும். அது பக்கத்துக் காயையும் முதிரச் செய்யும். கீரை மஞ்சளாகும், வெள்ளரி பழுக்கும், பாகற்காய் மஞ்சளாகி வெடிக்கும். ஆப்பிளோடு நாள்கணக்கில் அடைபட்ட கேரட் கசப்பேறும், வேகவைத்தாலும் போகாது. மருந்தடித்த கேரட் என்று பலர் தவறாக நினைப்பது இதைத்தான்.

பழத்துக்கு ஒரு தட்டு, காய்க்கு ஒரு தட்டு. இவ்வளவுதான் தீர்வு. காயாக இருக்கும் மாம்பழம், சப்போட்டா பழுக்க வேண்டுமானால் இதே வாயுவை நமக்குச் சாதகமாக்கிக்கொள்ளலாம். ஒரு பழுத்த வாழைப்பழத்தோடு சேர்த்துக் காகிதப் பையில் மூடி வையுங்கள். கடைகளில் சிலர் பயன்படுத்தும் கால்சியம் கார்பைடு கல் இந்தியாவில் பழம் பழுக்க வைக்கத் தடை செய்யப்பட்டது, வீட்டில் அதற்குத் தேவையே இல்லை.

வெங்காயம் முளைக்கிறது, கறுப்புத் தூள் படிகிறது

வெங்காயத்துக்குப் பிடித்தது காய்ந்த காற்று. முழு வெங்காயத்தை ஃப்ரிட்ஜில் வைத்தால் ஈரத்தில் மெத்தென்று ஆகிவிடும். பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தாலும் அப்படித்தான். மூங்கில் கூடை, வலைப்பை, ஓட்டை உள்ள தட்டு, இவற்றில் ஒரே அடுக்காகப் பரப்புங்கள். சின்ன வெங்காயத்தை வாங்கியதும் நிழலில் இரண்டு நாள் காயவிட்டு, தாளோடு இருந்தால் கொத்தாகக் கட்டித் தொங்கவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் எவ்வளவு கவனமாக இருந்தாலும் வெங்காயம் கெடும். அந்த இரண்டு மாதமும் மொத்தமாக வாங்குவதைத் தவிர்ப்பதுதான் புத்திசாலித்தனம்.

தோலுக்கடியில் கரித்தூள் மாதிரி படிவது ஒரு பூஞ்சை. மேலடுக்கில் மட்டும் இருந்தால் அந்த அடுக்குகளை உரித்து எறிந்துவிட்டு, கழுவிப் பயன்படுத்தலாம். உள்ளே மெத்தென்றோ நாற்றமாகவோ இருந்தால் முழுதாகப் போடுங்கள். முளைத்த வெங்காயமும் பூண்டும் சாப்பிடக் கெடுதல் இல்லை. முளையை நறுக்கி முட்டைப் பொரியலில் போட்டால் நன்றாகவே இருக்கும்.

உருளைக்கிழங்கு பச்சையாகிறது, வறுத்தால் கருகுகிறது

இரண்டும் வேறு வேறு கோளாறு. பச்சை நிறம் வெளிச்சம் பட்டதால் வருகிறது. நிறம் கெடுதல் செய்யாது. ஆனால் அதோடு சேர்ந்து சோலனின் என்ற நச்சுப்பொருளும் கூடுகிறது, வேகவைத்தாலும் அது அழியாது. லேசான பச்சை என்றால் தடிமனாகச் செதுக்கி எடுத்துவிடலாம். பாதிக் கிழங்கு பச்சையாக இருந்தாலோ வாயில் கசந்தாலோ தயங்காமல் எறியுங்கள். குழந்தைகளுக்குக் கொடுக்கும் கிழங்கில் இந்த விஷயத்தில் சிக்கனம் பார்க்கக் கூடாது. முளைகளையும் குழியோடு தோண்டி எடுக்க வேண்டும்.

வறுக்கும்போது சீக்கிரம் கருகி, தின்றால் இனித்தால் அது ஃப்ரிட்ஜில் இருந்த கிழங்கு. கடுங்குளிரில் மாவு சர்க்கரையாக மாறிவிடும். அந்தச் சர்க்கரைதான் எண்ணெயில் கருகுகிறது. கருகும்போது அக்ரிலமைடு என்ற வேண்டாத பொருளும் அதிகமாக உருவாகும். உருளையை இருட்டான, காற்றோட்டமான இடத்தில் கோணிப்பையில் வையுங்கள். வெங்காயக் கூடையில் சேர்க்க வேண்டாம். உருளை விடும் ஈரம் வெங்காயத்தைக் கெடுக்கும்.

மரவள்ளிக்கிழங்கின் உள்ளே நீலக்கோடு

பறித்த இரண்டு மூன்று நாளில் இது வந்துவிடும். எந்த டப்பாவும் தடுக்காது. வாங்கிய அன்றே வேகவைப்பது ஒன்றுதான் வழி. இல்லையென்றால் தோலுரித்து, துண்டு போட்டு உறைய வைத்துவிடலாம். சேனை இதற்கு நேர்மாறு. வெட்டிய முகத்தை மூடாமல் காற்றில் விட்டால் தானே காய்ந்து தோல் போலாகிவிடும், மீதிக் கிழங்கு அப்படியே இருக்கும். பிளாஸ்டிக்கில் சுற்றினால்தான் பூஞ்சை பிடிக்கும்.

தேங்காய் மூடி வழவழக்கிறது

உடைத்ததும் எந்த மூடியை முதலில் துருவுகிறீர்கள்? கண் உள்ள மூடிதான் முதலில் கெடும், ஆகவே அதை முதலில் தீர்க்க வேண்டும். பெரியவர்கள் சொல்லிவைத்த இந்த ஒழுங்கைப் பின்பற்றினாலே பாதித் தேங்காய் மிச்சமாகும். மற்ற மூடியை ஈரம் துடைத்து, மூடி போட்ட டப்பாவில் ஃப்ரிட்ஜில் வையுங்கள். நான்கு நாளுக்குள் முடியாது என்று தெரிந்தால் துருவி, ஒருவேளைச் சட்னிக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவாகப் பிரித்து உறைய வைத்துவிடுங்கள். மாதக்கணக்கில் இருக்கும். இளஞ்சிவப்போ மஞ்சளோ படர்ந்த தேங்காயைச் சுரண்டிவிட்டுப் பயன்படுத்தக் கூடாது.

உடைக்காத தேங்காயைக் குடுமி மேலே இருக்கும்படி நிமிர்த்தி வையுங்கள். குடுமியைப் பிய்த்துவிட்டால் கண் திறந்துகொண்டு சீக்கிரம் அழுகும். சமைக்கும் அன்று பிய்த்தால் போதும்.

இஞ்சியில் பூஞ்சை, எலுமிச்சை கல்லாகிவிட்டது

இஞ்சியைக் கழுவாமல் துணியில் சுற்றி வையுங்கள். அதிகம் வாங்கினால் தொட்டியில் காய்ந்த மணலில் புதைத்து வைக்கலாம், வேண்டும்போது கிள்ளிக்கொள்ளலாம். எலுமிச்சை வெளியே இருந்தால் தோல் வழியே தண்ணீர் போய் இறுகிவிடும். மூடிய டப்பாவில் ஃப்ரிட்ஜில் வைத்தால் மூன்று நான்கு வாரம் சாறோடு இருக்கும். மலிவான பருவத்தில் சாறு பிழிந்து ஐஸ் தட்டில் உறைய வைத்தால் கோடை முழுக்க ஆகும்.

பூஞ்சை பிடித்த இடத்தை மட்டும் வெட்டிவிட்டுச் சாப்பிடலாமா?

காயின் இறுக்கத்தைப் பொறுத்தது. கேரட், முட்டைக்கோஸ், பீட்ரூட் போன்ற கெட்டியானவற்றில் பூஞ்சை இருக்கும் இடத்தைச் சுற்றியும் அடியிலும் ஒரு அங்குலம் விட்டு வெட்டியெடுத்தால் மீதியைச் சமைக்கலாம். கத்தி பூஞ்சையில் படாமல் வெட்ட வேண்டும். தக்காளி, வெள்ளரி, திராட்சை, பழுத்த பழங்கள் போன்ற நீர்ச்சத்து மிகுந்தவற்றில் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே பரவியிருக்கும். அவற்றை முழுதாகப் போட்டுவிடுவதுதான் சரி. மிச்சப்படுத்துவது முக்கியம் என்று இவ்வளவும் எழுதுகிறேன், ஆனால் இந்த இடத்தில் வயிறுதான் முக்கியம்.

ஃப்ரிட்ஜ் இல்லை, அல்லது மின்சாரம் போய்விட்டது

மின்தடை நேரத்தில் கதவைத் திறக்காமல் இருந்தால் உள்குளிர் ஏறத்தாழ 4 மணி நேரம் தாங்கும். முழுக் காய்களுக்கு அதற்கு மேலும் ஒன்றும் ஆகாது. நறுக்கி வைத்த காய், துருவிய தேங்காய், வெட்டிய பழம் ஆகியவற்றை அதற்குப் பிறகு வைத்திருக்க வேண்டாம்.

ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டுக்கு ஈரக்கோணி நல்ல துணை. அகலமான மண்சட்டியில் ஈரமணல் பரப்பி, அதற்குள் சிறிய மண்பானை வைத்து, பானைக்குள் காயைப் போட்டு, மேலே நனைத்த கோணியால் மூடுங்கள். மணலில் காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்க வேண்டும். தண்ணீர் ஆவியாகும்போது உள்ளிருக்கும் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. டெல்லியிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் 1980களில் இதே தத்துவத்தில், இரட்டைச் செங்கல் சுவருக்கு நடுவே ஈரமணல் நிரப்பிய மின்சாரமில்லாக் குளிர் அறையை வடிவமைத்தது. இரண்டும் வறண்ட காற்றில்தான் நன்றாக வேலை செய்யும். சேலம், மதுரை, திருச்சிக் கோடைக்குப் பொருத்தம். சென்னை, நாகப்பட்டினம் போன்ற புழுக்கமான கடலோரத்தில் பலன் குறைவு. அங்கே இரண்டு நாளுக்கு ஒருமுறை கொஞ்சமாக வாங்குவதே மேல்.

எல்லாம் சரியாக வைத்தும் கெடுகிறது

அப்படியானால் வைப்பதில் குறையில்லை, சமைக்கும் வரிசையில் இருக்கிறது. வாரத்துக்கு வாங்கியதில் எது முதலில் சாகும் என்பதை வைத்து அடுக்குங்கள். முதல் நாள் முருங்கைக்கீரை, மரவள்ளி, வாழைப்பூ. இரண்டாம் நாள் மற்ற கீரைகள். அடுத்து வெண்டை, கத்தரி, வெள்ளரி. அப்புறம் பீன்ஸ், அவரை, கொத்தவரை, முருங்கைக்காய். வாரக் கடைசிக்குக் கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ். முட்டைக்கோஸைக் குறுக்கே வெட்டாமல் இலை இலையாக உரித்து எடுத்தால் மீதி இன்னும் ஒரு வாரம் இருக்கும். வெட்டாத பூசணியும் சேனையும் யாரையும் அவசரப்படுத்தாது. பூசணியை வெட்டிய பிறகு மட்டும் விதையையும் நாரையும் வழித்தெடுத்துவிட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள், கெடுவது அந்தக் குழியிலிருந்துதான்.

வாரத்தின் நடுவில், புதன்கிழமை என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒருமுறை தட்டைக் கிளறிப் பாருங்கள். தளர்ந்துகொண்டிருப்பதையெல்லாம் எடுத்துச் சாம்பாருக்கோ அவியலுக்கோ போடுங்கள். ஒன்றிரண்டு காய் மட்டும் மிஞ்சினால் கதம்பமாகப் பொரித்த கூட்டு. தக்காளி நிறையக் கனிந்துவிட்டால் தொக்கு, கொத்தமல்லி மிஞ்சினால் புளி வைத்து அரைத்து வதக்கிய தொக்கு, இரண்டும் எண்ணெய் மேலே மிதக்கும் அளவுக்குச் சுண்ட வைத்து ஃப்ரிட்ஜில் வைத்தால் பல நாள் இருக்கும். கொத்தவரை, சுண்டைக்காய், மிளகாய் மலிவாகக் கிடைத்து அதிகம் வாங்கிவிட்டால் மோரும் உப்பும் சேர்த்து ஊற வைத்து வெயிலில் காயப் போடுங்கள். சித்திரை வெயிலில் நான்கைந்து நாளில் சலசலவென்று காய்ந்துவிடும், காற்றுப் புகாத டப்பாவில் போட்டால் அடுத்த மழைக்காலத்துக்கு வற்றல் தயார்.